வழி தெரியாதவளாக ஆறு நாள்

பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். “வேளச்சேரியிலேர்ந்து தாம்பரம் ரோட்டுல வாங்க. சதுப்பு நிலம் முடியும். கொஞ்ச தூரம் தள்ளி, முன்னாடி ரேஷன் கடை இருந்த இடத்துல லெஃப்ட். முனையில ஒரு வேப்பமரம் இருந்துச்சு, இப்ப வெட்டிட்டாங்க. அந்தத் தெருதான்.” கூரியர் பையன்கள் இதைக் கேட்டுவிட்டு போனிலேயே பெருமூச்சு விடுவார்கள்.

இத்தனைக்கும் என் தொழிலே வழி காட்டுவதுதான். நான் கிராஃபிக் டிசைனர். ஆஸ்பத்திரி, கல்லூரி, ஐ.டி. அலுவலகம் என்று பெரிய கட்டடங்களுக்குள் ‘இந்தப் பக்கம் லிஃப்ட், அந்தப் பக்கம் கேன்டீன்’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் போர்டுகளை இருபது வருடமாகச் செய்கிறேன்.

2018 கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நான் செய்துகொடுத்த போர்டுகள் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வெளிர் நிறம். மெல்லிய எழுத்து. நெரிசல் இல்லாமல் நிறைய வெற்றிடம். போட்டோவில் பார்த்தால் வெளிநாட்டு ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அம்மா எக்கோ எடுக்கப் போனாள். அப்போது அவளுக்கு 71 வயது. நான் கூட வருகிறேன் என்றதற்கு, “நீ வேலையைப் பாரு. அதான் நீ போட்ட போர்டு இருக்கே, பார்த்துப் போயிக்க மாட்டேனா?” என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாள். மதியம் நான் போனபோது இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் மாடி மாடியாகச் சுற்றியிருக்கிறாள். டோக்கன் நம்பர் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

“யாரையாவது கேட்டிருக்கலாமேம்மா?”

“நீ போட்ட போர்டு இருக்கறப்ப எதுக்குக் கேக்கணும்னு நினைச்சேன். போர்டெல்லாம் அழகாத்தான்டி இருக்கு. எனக்குத்தான் புரியலை. வயசாயிடுச்சுல்ல.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாள் பாருங்கள், அது முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. ஆனாலும் அப்போது நான் எதையும் மாற்றவில்லை. கண்ணில் புரை இருக்கிறது, அதனால்தான் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மே மாதம் அமெரிக்கா போகும்படி ஆனது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. அண்ணனுக்கும் அண்ணிக்கும் விசா தேதி கிடைக்கவில்லை. முன்பு ஒருமுறை அலுவலக வேலையாக நியூஜெர்சி போய்வந்த பத்து வருட விசா என்னிடம் இருந்தது. “எங்களுக்குப் பதிலா நீயாவது போய் கை தட்டிட்டு வா” என்று அனுப்பிவைத்தார்கள். பிட்ஸ்பர்க் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே விஷயம்: இரும்பு, அப்புறம் வெங்கடேஸ்வரா கோயில்.

விமான நிலையத்திலிருந்து தோழியின் காரில் என்னை அழைத்துக்கொண்டு போனாள் அண்ணன் மகள். சாதாரண நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் மரம், மேடு. ‘இதைப் பார்க்கவா இருபத்துச் சொச்சம் மணி நேரம் பறந்து வந்தோம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கார் ஒரு மலைச்சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஃபோர்ட் பிட் சுரங்கம், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளே மங்கலான விளக்கு, ஓடு பதித்த சுவர். “அத்தை, இப்ப முன்னாடி பாருங்க” என்றாள். சுரங்கம் முடிந்த அந்த நொடியில் கண்ணெதிரே ஒரு முழு நகரம் நின்றது! கீழே ஆறு, நாங்கள் போவது மஞ்சள் பாலம், அந்தப் பக்கம் கண்ணாடிக் கோபுரங்கள், இடப்பக்கம் இரண்டு ஆறுகள் சேர்ந்து மூன்றாவதாக ஓடும் முனை. திரைச்சீலையை யாரோ சட்டென்று இழுத்த மாதிரி இருந்தது. என்னையறியாமல் “ஐயோ!” என்று கத்திவிட்டேன். தோழிப் பெண் சிரித்தாள். இந்த ஊருக்கு முதன்முறை வருகிற எல்லாரும் இந்த இடத்தில் ஏதாவது ஒரு சத்தம் போடுவார்களாம்.

அலகெனி, மொனாங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் இங்கே கூடி ஒஹையோ ஆறாகின்றன. ஆறும் மலையும் பள்ளமுமாக இருப்பதால் ஊருக்குள் 446 பாலங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நடு ஊரில் அலகெனி மேல் வரிசையாக மூன்று பாலங்கள், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. 1924 முதல் 1928-க்குள் கட்டியவை. ‘மூன்று சகோதரிகள்’ என்று செல்லப்பெயர். மூன்றுக்கும் அதே மஞ்சள். கறுப்பும் பொன்மஞ்சளும் நகரத்தின் கொடி நிறங்கள். பேஸ்பால், ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி என்று ஊரின் மூன்று பெரிய அணிகளுக்கும் அதே நிறங்கள்தான். பேருந்தில் ஏறிய பாட்டி கூட அந்த நிறத்தில் பனியன் போட்டிருந்தார். ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து அதில் ஐம்பது வருடம் பிடிவாதமாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கு ஆறே மாதத்தில் அலுத்துவிடும்.

பட்டமளிப்பு ஒத்திகை, நண்பர்களுக்கு விருந்து, வீடு காலி செய்வது என்று அவளுக்கு வேலை சரியாக இருந்தது. நான் தனியாக ஊர் சுற்றினேன். சென்னையிலிருந்து போட்டுக்கொண்டு போன செல்போன் பேக் இரண்டாவது நாளே வேலை செய்யாமல் போய்விட்டது. வீட்டு வைஃபை எல்லையைத் தாண்டினால் மேப் இல்லை, போன் இல்லை. முதலில் பயமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். நான் எத்தனையோ பேருக்குப் போர்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளாவது போர்டை மட்டும் நம்பி நடந்திருக்கிறேனா? கட்டடத்தின் வரைபடம் கையில் இருந்துதானே வேலையையே ஆரம்பிக்கிறேன். வழி தெரிந்தவள் போட்ட போர்டுகள் அவை.

வழி தெரியாதவளாக நடப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லாவற்றையும் படித்தேன். கடைப் பெயர், பஸ் நம்பர், சாக்கடை மூடி வரைக்கும். பழைய செங்கல் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் எப்போதோ பெயின்ட்டில் எழுதிய விளம்பரங்கள் மங்கிப்போய்த் தெரிந்தன. கடை போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. நம் ஊரில் கையால் எழுதிய போர்டுகள் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். ஃபிளெக்ஸ் வந்து அந்த ஓவியர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதில் என் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு.

ஊர்ப் பெயரிலேயே ஒரு எழுத்துக் கதை. ஆங்கிலத்தில் பிட்ஸ்பர்க் என்ற பெயர் ‘ஹெச்’ எழுத்தில் முடியும். 1891-ல் அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம், எல்லா ‘பர்க்’குகளும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அந்தக் கடைசி ‘ஹெச்’சை வெட்டிவிட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. இருபது வருடம் கழித்து 1911-ல் எழுத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். உச்சரிப்பில் கேட்கவே கேட்காத ஓர் எழுத்துக்காக அப்படி ஒரு வீம்பு.

எனக்கு உடனே எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கரணை என்பதன் கடைசி எழுத்து ‘ணை’. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை அதற்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு முன்னால் தொங்கும். அதற்கு முன்பே படித்து முடித்த அம்மா, மளிகை லிஸ்ட்டில் இன்றும் ‘எண்ணெய்’க்கு அடுத்த வரியில் ‘வெண்டை, முருங்கை’ எல்லாம் சாதாரணமாக எழுதிவிட்டு, ‘தலையணை உறை’ என்று வரும்போது மட்டும் தும்பிக்கை போடுவாள். ‘இந்த எழுத்தெல்லாம் எப்பவோ போயாச்சும்மா’ என்றால், ‘உனக்குப் போச்சு, எனக்குப் போகலை’ என்பாள். ஓர் ஊர் தன் ‘ஹெச்’சுக்காக இருபது வருடம் சண்டை போட்டது தெரிந்ததும் அம்மாவின் தும்பிக்கை மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மூன்றாம் நாள், மலை ஏறும் டுகேன் இன்க்ளைனில் ஏறினேன். நம் பழனி வின்ச் போலவேதான். ஒரு பெட்டி மேலே போனால் இன்னொன்று கீழே வரும். 1877-ல் கட்டியது. மரவேலைப்பாடு செய்த சின்னச் சிவப்புப் பெட்டி. 1962-ல் மூடிவிட்டார்களாம். மலை மேல் குடியிருந்தவர்கள் பணம் திரட்டி அடுத்த வருடமே மீண்டும் ஓடவைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் மூன்று ஆறும் அத்தனை மஞ்சள் பாலங்களும் கோலம் போட்ட மாதிரி தெரிந்தன. இதே இடத்தில் 1940-களில் ஆலைப் புகையால் பட்டப்பகலில் தெருவிளக்கு எரியவிட்டிருக்கிறார்கள் என்றால் நம்ப முடியவில்லை.

மூன்று சகோதரிகளில் மூத்தவள் யார் என்று தெரியாது. எனக்குப் பிடித்தது ஒன்பதாம் தெருப் பாலம். அதற்கு ரேச்சல் கார்சன் பெயர் வைத்திருக்கிறார்கள். பூச்சிமருந்துகள் பறவைகளை என்ன செய்கின்றன என்று 1962-ல் புத்தகம் எழுதி உலகத்தை உலுக்கியவர். இதே அலகெனிக் கரையில் சற்றுத் தள்ளியிருக்கும் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் கல்லூரி படித்தவர். அந்த மஞ்சள் பாலத்தின் நடுவில் நின்றபோது எங்கள் சதுப்பு நிலம் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. மறுபக்கம் கூழைக்கடாவும், சீசன் வந்தால் பூநாரையும். குப்பை எரியும் நாளில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட முடியாது. புகையில் மூழ்கிய ஊர் ஒன்று தன்னைத் துடைத்துக்கொண்டு, பறவைகளுக்காகப் பேசிய பெண்ணின் பெயரைப் பாலத்துக்கு வைத்திருக்கிறது. நமக்கும் ஒருநாள் வரும் என்று தோன்றியது. 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்த செய்தியைப் படித்தபோது முதலில் அந்தப் பாலம்தான் கண்ணுக்கு வந்தது.

ஐந்தாம் நாள்தான் நிஜமாகத் தொலைந்துபோனேன்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிவிட்டேன். உணர்ந்து இறங்கியபோது ஒரே மாதிரி வீடுகள், மேடான தெருக்கள். ஒரு தெருப்பெயர்ப் பலகையை நம்பித் திரும்பினால், எதிரே தெருவே இல்லை, படிக்கட்டு! இந்த ஊரில் எழுநூறுக்கும் மேல் பொதுப் படிக்கட்டுகள் உண்டு. அவற்றில் பல, அரசு வரைபடத்தில் முறையான தெருக்கள். ஏறி முடித்தபோது மூச்சு வாங்கியது. நாயுடன் வந்த ஒரு பாட்டியிடம் வழி கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “நேரா போங்க. முன்னாடி பேக்கரி இருந்த இடத்துல வலது பக்கம் திரும்புங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேக்கரி இப்போது இல்லை. நான் அதைப் பார்த்ததும் இல்லை. எங்கள் ரேஷன் கடையும் வேப்பமரமும் இங்கேயும் வந்துவிட்டன! இல்லாத கடைகளை வைத்து வழி சொல்வது பிட்ஸ்பர்க்காரர்களின் பிரசித்தமான பழக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

பேக்கரி இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு போகும்போதுதான் ஒரு கம்பத்தில் அந்த நீல வட்டத்தைப் பார்த்தேன். வெள்ளைத் தகட்டில் ஒரு நீல வட்டம், கூடவே ‘புளூ பெல்ட்’ என்று எழுத்து, ஓர் அம்பு. அவ்வளவுதான். முதல் நாளே அண்ணன் மகள் அதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, ஜோசப் வைட் என்ற பொறியாளர் போட்ட திட்டம் அது. மலையும் ஆறும் குறுக்கிடுவதால் இங்கே நேர்ச்சாலைகள் குறைவு. புதுச் சாலை போடவில்லை. இருக்கிற சின்னச்சின்ன சாலைகளையே சேர்த்து, நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பெயர் கொடுத்தார். வெளி வளையம் சிவப்பு. உள்ளே வர வர ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். வானவில் வரிசை. பிற்பாடு 1990-களில் நடு ஊருக்கு மட்டும் ஊதா சேர்த்தார்கள். வழி தெரியாதவர் தெருப்பெயர் எதையும் படிக்க வேண்டாம். நிறத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அவள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலை நீல வளையத்தில்தான் இருந்தது.

நடக்க ஆரம்பித்தேன். வளையம் என்பதால் எந்தப் பக்கம் போனாலும் வீடு வரும்; ஒன்று இன்று ராத்திரி, இல்லாவிட்டால் நாளை மறுநாள். பாட்டி கை காட்டிய திசையை நம்பினேன். திருப்பத்துக்கு முன்னால் ஒரு நீல வட்டம். திருப்பத்திலேயே ஒன்று. திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், திருப்பம் எதுவும் இல்லாத இடத்தில் இன்னொன்று.

அந்த மூன்றாவது வட்டத்தின் முன் அப்படியே நின்றுவிட்டேன். தொழில் முறையில் பார்த்தால் அது தேவையே இல்லை. நேர்ச்சாலைதான். வேறு வழி கிடையாது. நானாக இருந்தால் ‘செலவு மிச்சம்’ என்று அதை எடுத்திருப்பேன். ஆனால் இருட்டத் தொடங்கிய நேரத்தில், தெரியாத ஊரில், அந்த ஒன்றுதான் எனக்கு ‘சரியாத்தான் போறே, பயப்படாதே’ என்று சொன்னது. வழி தெரியாதவருக்கு வழி மட்டும் போதாது. தைரியமும் வேண்டும்.

என் ஆஸ்பத்திரி வராந்தா கண் முன்னால் வந்தது. லிஃப்ட் வாசலில் ஒரே பலகையில் பதினாலு பிரிவுகள். அதற்குப் பிறகு அடுத்த திருப்பம் வரை வெறும் வெள்ளைச் சுவர். எழுபது அடி நடக்கும் வரை ஒன்றுமே கிடையாது. அழகுக்காக நான் விட்ட வெற்றிடம்! அம்மா அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துத்தான் ‘தப்பா வந்துட்டோமோ’ என்று ஒவ்வொரு முறையும் திரும்பியிருக்க வேண்டும். வெளிர் பச்சைக்கும் வெளிர் நீலத்துக்கும் வித்தியாசம் என் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் சாம்பல். இங்கே நிறத்தின் பெயரையும் எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அதுவரை சாதாரணமாகத் தெரிந்த இன்னொன்றும் உறைத்தது. பென்சில்வேனியா நெடுஞ்சாலைப் போர்டுகள் பலவற்றில் இருக்கும் கிளியர்வியூ என்ற எழுத்துரு, வயதானவர்களுக்கு ராத்திரியில் பழைய எழுத்து படிக்க முடியவில்லை என்பதற்காக உருவானது. அதன் சோதனைகள் நடந்தது இதே மாநிலத்தில். எழுத்துகளுக்கு உள்ளே இருக்கும் சின்ன வெற்றிடங்களைத் திறந்துவிட்டார்கள். வெளிச்சம் பட்டாலும் எழுத்து ஒட்டிக்கொள்ளாது. தமிழில் ‘ண’வும் ‘ழ’வும் ‘ஞ’வும் எத்தனை சுழி! மெல்லியதாகப் போட்டால் மறைந்துவிடும், தடியாகப் போட்டால் அடைத்துக்கொள்ளும். வெற்றிடத்தை நான் சுவரில் விட்டேன். அது எழுத்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரத்தில் வீடு வந்துவிட்டது. வாசலில் அண்ணன் மகள் அழாத குறையாக நின்றிருந்தாள். “எங்க போனீங்க அத்தை? எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா?” என்றாள். “அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன்” என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் விழாவில் அண்ணன், அண்ணி பங்குக்கும் சேர்த்துக் கை தட்டினேன். சாயங்காலம் மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போனோம். 1970-களில் எழும்பிய கோயில். அங்கே கேன்டீன் எங்கே என்று யாரும் கேட்கத் தேவையில்லை. புளியோதரை வாசனையே வழி காட்டியது.

ஊர் திரும்பியதும் மருத்துவமனைக்குப் போனேன். “நான் செய்த போர்டுகளில் தவறு இருக்கிறது, முதலில் ஒரு மாடியை மட்டும் என் செலவில் மாற்றித் தருகிறேன்” என்று சொன்னேன். நிர்வாகி என்னை விநோதமாகப் பார்த்தார். பாராட்டு வாங்கிய வேலையைத் தப்பு என்று யாரும் வந்து சொன்னதில்லையாம். ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “அன்னிக்கு உனக்குப் புரியாம இல்லம்மா. நான்தான் சரியாப் போடலை.” அவள் ஒன்றும் சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, “அப்போ எனக்கு மண்டை குழம்பலைங்கற?” என்று கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. அத்தனை மாதமும் தனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போர்டு என்றால் தகடும் பெயின்ட்டும் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன்.

அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். “நீ முன்னாடி நட. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்று நோட்டுப் புத்தகத்துடன் பின்னால் போனேன். ஏழு இடங்களில் நின்றாள். ஏழையும் குறித்துக்கொண்டேன். ‘கார்டியாலஜி’ என்று தமிழில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டு ‘இதயம்’ என்று போட்டு, பக்கத்தில் இதயப் படம் வைத்தேன். தமிழ் மேலே, பெரிதாக. ஒரு பலகையில் நான்கு பெயர்களுக்கு மேல் கிடையாது. நிறம் அடர்த்தியாக, பெயரோடு. நேர் வராந்தாவிலும் பதினைந்து அடிக்கு ஒரு சின்ன வட்டம், ‘சரியாத்தான் போறீங்க’ என்று சொல்வதற்காக மட்டும். மற்ற மாடிகளையும் அவர்களே மாற்றச் சொன்னார்கள்.

முன்னைப்போல அது போட்டோவில் அழகாக இருக்காது. நான் அதை யாருக்கும் காட்டுவதும் இல்லை.

அம்மாவுக்குப் புரை அறுவை ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை எக்கோவுக்குப் போகிறாள், தனியாகத்தான். போன மாதம் கூடப் போயிருந்தேன். அவள் பாட்டுக்கு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். ரத்தப் பரிசோதனை அறை தாண்டிய வளைவில் மட்டும் ஒரு நொடி நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இங்க ஒண்ணு வேணும்டி.”

நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.